ஆட்காட்டி சொன்ன கோள்

எங்கள் பள்ளிக்கூட விடுதியில் இருந்தவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். வீட்டிலிருந்து சைக்கிளில் வந்து போனவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஒலி மரபுச் சொற்களைப் பாடமாக்கினோம். மயில் அகவும், ஆந்தை அலறும், கூகை குழறும். எனக்குப் பத்துக்குப் பத்து. ஆனால் விடுதி வேப்பமரத்தில் ஆந்தை உண்மையாகவே அலறிய இரவில் போர்வைக்குள் ஒளிந்ததும் நான்தான்.

விடுதிக்குப் பொறுப்பான சேர் காதாலேயே பார்ப்பவர். "கூ... ஊ என்று ஏறிக்கொண்டு போறது ஆண் குயில், ஆள் கறுப்பு. கிக் கிக் கிக் என்று பதறுறது பெண். கபில நிறம், மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி" என்பார். அதுவரை கட்டுரைகளில் பெண்குயிலைத்தான் பாடவிட்டுக்கொண்டிருந்தோம்! பற்றைக்குள் குடத்துக்குள்ளிருந்து கூப்பிடுவதுபோல் "ஊப் ஊப்" என்றால் செண்பகம். நெடுநேரம் ஒரே சுருதியில் கீச்சிட்டதைக் குருவி என்று பந்தயம் கட்டித் தோற்றேன். பூனையைக் கண்ட அணில் அது.

சரி, கதைக்கு வருகிறேன். 1979இல் ஓர் இரவு நாங்கள் நாலு பேர் இரண்டாம் காட்சி பார்த்துவிட்டுக் குளக்கட்டு வழியாகத் திரும்பினோம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல். திடீரென்று இருட்டுக்குள் ஆட்காட்டி ஒன்று கிளம்பித் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது. வெறுந்தரையில் கூழாங்கல் நடுவே முட்டையிடுகிற பறவை. யார் கிட்டப் போனாலும் ஊரைக் கூட்டிவிடும். பெயர் சும்மா வரவில்லை. (அது எப்படிக் கத்தும் என்பதற்கு எங்கள் மரபுப் பட்டியலில் சொல் இல்லை. இருந்திருந்தால் அன்று நான் இன்னொரு சொல் சேர்த்திருப்பேன், அச்சில் போட முடியாதது.)

படலையில் சேர் ரோச் லைற்றோடு நின்றார்.

"வாங்கோ. நீங்கள் குளக்கட்டில் ஏறேக்கையே ஆட்காட்டி சொல்லிப்போட்டுது."

இப்போது ரொறன்ரோவில் இரவு வேலை. வேலைத்தல வாகனத் தரிப்பிடத்தின் சரளைக்கல்லில் கில்டியர் என்றொரு பறவை முட்டையிடுகிறது. தொலைபேசிச் செயலிதான் குரலைக் கேட்டுப் பெயர் சொன்னது. ஆட்காட்டியின் குடும்பமேதான். அதே நாலு முட்டை, அதே கூச்சல். முட்டைக்குக் கிட்டப் போனால் சிறகொடிந்ததுபோல் இழுத்து நடித்து நம்மை வேறு பக்கம் கூட்டிப்போகும்.

போன வைகாசியில் நள்ளிரவு அது கத்தியபோது என் கை தானாகச் சப்பாத்தைக் கழற்றப் போனது.