கடைசி இலக்கம்

செப்டம்பர் 18, 2025, வியாழன்

எட்டா, மூன்றா? அந்த வளாகத்தில் நிற்கும் பழைய விமானத்தின் வால் எண்ணில் சி 110 வரை ஐயமில்லை. கடைசி இலக்கத்தின் இடப்பக்கம் எனக்குத் தெரியவே இல்லை. மதிலுக்கு வெளியே சாலையில் நின்று பார்த்தது. அந்தி வேளை வேறு. கைபேசிப் படத்தில் வால் ஒரு சாம்பல் திட்டு, அவ்வளவுதான். நோட்டில் 3 என்று எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். இத்தனை ஆண்டுக் குறிப்புகளில் கேள்விக்குறி விழுந்த முதல் எண் இது.

செப்டம்பர் 20, சனி

இடது கண்ணில் அறுவைச் சிகிச்சை. திங்கள் காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கண்ணுக்குக் கதவு நிலை இன்று இன்னும் கொஞ்சம் வளைந்திருக்கிறது.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஒற்றைக்குழல் தொலைநோக்கியை நான் எப்போதும் இடது கண்ணில்தான் வைப்பேன். அன்றும் அப்படித்தான். அப்படியானால் எண்ணின் பாதியைத் தின்றது வாலில் பூசிய பெயின்டா, என் கண்ணா? இதை எப்படி இவ்வளவு நாள் யோசிக்காமல் இருந்தேன்?

பெயின்டாகவும் இருக்கலாம். வெட்டவெளியில் நிற்கும் விமானத்துக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேலே இன்னொரு பூச்சு பூசுகிறார்கள். கதவு விளிம்பிலும் எரிபொருள் மூடியிலும் இருந்த சின்னச் சின்ன எச்சரிக்கை எழுத்துகள் முதலில் போகின்றன. பிறகு பூசுபவர் பாதி அழிந்த எண்ணைப் பார்த்து, தெரிந்தவரை திருப்பி எழுதுகிறார். எட்டு மூன்றானால் அது மூன்றாகவே நின்றுவிடுகிறது, வேறொரு விமானத்தின் பெயரைச் சுமந்துகொண்டு. தயாரிப்பாளர் அறைந்த சிறு தகடு உள்ளே எங்காவது மிஞ்சியிருந்தால்தான் உண்மை தெரியும். பெயின்டுக்குச் செலவழிப்பதற்கு முன் ஒரு கூரை போடுங்கள் என்று எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன்!

தூக்கம் வரவில்லை.

செப்டம்பர் 24, புதன்

குப்புறவே கிடக்க வேண்டும். நோட்டைத் தரையில் வைத்து எழுதுகிறேன். மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டியிருக்கிறார்கள்: கண்ணுக்குள் வாயு இருக்கிறது, இவரை விமானத்தில் ஏற்றக் கூடாது. உயரம் கூடக் கூட வெளி அழுத்தம் குறையும், உள்ளே வாயு விரியும், கண்ணுக்குள் இரத்த ஓட்டமே நின்றுவிடலாம். டெல்லியில் பாலம் என்ற இடத்தில் உள்ள வான்படை அருங்காட்சியகத்துக்குப் போக எடுத்திருந்த டிக்கெட்டை அக்கா ரத்து செய்துவிட்டார்.

செப்டம்பர் 26, வெள்ளி

இன்று சண்டிகரில் மிக்-21 போர் விமானத்துக்கு விடை கொடுத்தார்கள். 1963இல் வந்தது, 62 ஆண்டுகள். அக்கா தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டி வைத்தார். நான் தரையைப் பார்த்தபடி அந்த எஞ்சின் ஓசையைக் கேட்டேன். வான்படைத் தளபதியே ஒன்றை ஓட்டுகிறார் என்றார் அக்கா. தரையிறங்கியதும் இருபுறமும் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள் என்றார்.

“வால் எண் என்ன?”

“எண்ணையெல்லாம் யாரடா பார்த்தது?”

அழுதுவிட்டேன். அக்கா பயந்துபோய்ச் சொட்டு மருந்தைத் தேடினார்.

செப்டம்பர் 27, சனி

மூன்று. மூன்றுதான்.

அக்டோபர் 1, புதன்

இன்று முழுக்க லிபரேட்டர் நினைவு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அந்தக் குண்டுவீச்சு விமானங்களைக் கான்பூரில் பிரிட்டிஷார் கைவிட்டுப் போனார்கள். யாரும் பறக்கவிடக் கூடாது என்று சேதப்படுத்திவிட்டே போனார்கள். பெங்களூர் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை ஆட்கள் அவற்றில் நாற்பதுக்கும் மேற்பட்டவற்றைத் தேறவைத்தார்கள். பறக்கும் அளவுக்கு மட்டும் அங்கேயே செப்பனிட்டு, ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிவந்தார் ஜாம்ஷெட் முன்ஷி. வழியில் எது கழன்று விழும் என்று யாருக்குத் தெரியும்? அவர் ஓட்டினார். 1968 வரை நம் வான்படையில் பறந்தன. இன்று லண்டன் ஹெண்டன் அருங்காட்சியகத்தின் லிபரேட்டரும், அரிசோனாவில் பீமா அருங்காட்சியகத்தில் நிற்பதும் இங்கிருந்து போனவை. டெல்லி பாலம் அருங்காட்சியகத்திலும் ஒன்று இருக்கிறது. இந்த மாதம் அதன் இறக்கைக்குக் கீழே நின்றிருப்பேன்.

தேறவைத்தார்கள் என்ற சொல்லை மூன்று முறை அடித்து மூன்று முறை எழுதினேன்.

அக்டோபர் 6, திங்கள்

நிமிர்ந்து உட்காரலாம்! இடது கண்ணில் வாயுக் குமிழின் விளிம்பு ஒரு நீர்மட்டமாகத் தெரிகிறது. தலையைச் சாய்த்தாலும் அந்தக் கோடு சாய்வதில்லை. விமானி அறையில் செயற்கைத் தொடுவானம் காட்டும் கருவியைப் பார்த்திருக்கிறேன். இப்போது என்னிடமே ஒன்று இருக்கிறது. காலையிலிருந்து தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டிருக்கிறேன்.

வளாகத்துக்குள் அனுமதி கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

பெங்களூர் போகலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். ரயிலில்தான் என்றேன். அதுவும் வேண்டாம் என்றார். பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வாயு கரையும்வரை மேடே ஏறாதீர்கள் என்றார். மாருத் அங்கே காத்திருக்கட்டும். ஜெர்மன் பொறியாளர் குர்ட் டாங்க் வடிவமைத்து 1961 ஜூன் 17 அன்று முதலில் பறந்த நம் போர் விமானம். ஒலியைப் போல இருமடங்கு வேகத்துக்கென்று வரைந்த உடலுக்கு ஏற்ற எஞ்சின் கடைசிவரை கிடைக்கவே இல்லை. 147 கட்டியதோடு நின்றுபோனது. அந்த மூக்கின் அழகைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

கடல் மட்டத்தில் என்ன இருக்கிறது? விசாகப்பட்டினம்!

நவம்பர் 8, சனி

டியூ-142, கடற்படையின் பழைய கண்காணிப்பு விமானம். கடற்கரைச் சாலையில் குர்சுரா நீர்மூழ்கிக்கு எதிர்ப்புறம், 53 மீட்டர் நீளத்தில் நிற்கிறது. நான்கு எஞ்சின்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சுழல்விசிறிகள், எதிரெதிர்த் திசையில் சுற்றுபவை. முதலில் கோவாவிலிருந்தும் பிறகு அரக்கோணத்திலிருந்தும் 29 ஆண்டுகள் கடலைக் கண்காணித்து, 2017 மார்ச் 29 அன்று ஓய்வு பெற்ற வகை.

உள்ளே நடந்து பார்த்துவிட்டுப் படி இறங்கும்போது கடைசிப் படிக்குக் கீழே இன்னொரு படி இருப்பதாக நினைத்துக் காலை வைத்தேன். அக்கா பிடித்துக்கொண்டார். ஒரு கண்ணால் ஆழம் பிடிபடவில்லை. ஆனால் வெளியே நின்றபோது வலது கண்ணால் ஆணி ஆணியாகப் பார்க்க முடிந்தது. கதவு விளிம்பில் ஒரு ஆணித் தலையைச் சுற்றி வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. உப்புக்காற்று அலுமினியத்தைத் தின்பது அப்படித்தான் தொடங்கும். ஒரு காவலரிடம் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார், விரலால் தொட்டுப் பார்த்தார், எழுதி வைக்கிறேன் என்றார். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

நீர்மட்டம் இப்போது ஒரு சிறு வட்டம். கடலைப் பார்க்கும்போது அலைக்குக் கீழே உருண்டுகொண்டே இருந்தது.

நவம்பர் 11, செவ்வாய்

அனுமதி வந்துவிட்டது. 22ஆம் தேதி, மாலை மூன்று முதல் ஐந்து வரை.

நவம்பர் 17, திங்கள்

வட்டம் இல்லை. காலையில் எழுந்தபோது இல்லை. பட்டையைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிவிட்டேன். கதவு நிலை இன்னும் முழுதாக நிமிரவில்லை.

நவம்பர் 22, சனி

போன வாரம்தான் புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். வாலில் பளிச்சென்று சி 1103. பழைய எண்ணைப் பார்த்துத்தான் எழுதினோம் என்கிறார்கள். சக்கர அறைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். தகடு இருந்த இடத்தில் நான்கு துளைகள்.

ஆனால் பழைய எழுத்தின் விளிம்பு புதுப் பூச்சுக்கு அடியிலும் மயிரிழை அளவுக்குப் புடைத்திருக்கும். நேர் வெயிலில் தெரியாது. சாய்வெயில் பக்கவாட்டில் விழுந்தால் அந்தப் புடைப்புக்கு நிழல் வரும்.

நாலேகால். ஏணி கொடுத்திருக்கிறார்கள், வாலுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். மரத்தின் நிழல் இன்னும் எண் மேலேயே இருக்கிறது. 1இன் ஓரத்தில் மட்டும் வெயில் தொட்டிருக்கிறது