சிகிச்சையால் வரும் இரண்டாவது நோய்

குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் மருத்துவராக இருக்கும் எனக்கு, நோய் திரும்பிவிட்டது என்று பெற்றோரிடம் சொல்வதைவிடக் கடினமான செய்தி ஒன்று உண்டு: இது பழைய நோய் அன்று, அதைக் குணப்படுத்திய மருந்தால் உண்டான இரத்தப் புற்றுநோய் என்பதே அது. இது அரிதாகவே நேர்கிறது. பழைய கட்டியின் சுவடே இருக்காது. முடி வளர்ந்து பள்ளிக்குத் திரும்பிய குழந்தைக்கு, வழக்கமான பரிசோதனையில், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருக்கும்.

எட்டோபோசைட் போன்ற மருந்துகள், டிஎன்ஏ இழைகளை வெட்டி ஒட்டும் நொதியை ஒட்டவிடாமல் தடுத்தே புற்றுநோய்ச் செல்லைக் கொல்கின்றன. எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில் வெட்டுண்ட முனைகள் தவறாக இணைந்து, 11ஆம் குரோமோசோமிலுள்ள கேஎம்டி2ஏ மரபணு உருமாறினால், பெரும்பாலும் 1 முதல் 3 ஆண்டுகளுக்குள் மைலாய்டு எனப்படும் வகை இரத்தப் புற்றுநோய் தோன்றுகிறது. சைக்ளோபாஸ்பமைடு, மெல்பலான் முதலிய வேறு வகைப் புற்றுநோய் மருந்துகளால் வருவது மெதுவானது. 5 முதல் 7 ஆண்டுகள் கழித்து, முதலில் மஜ்ஜையின் இரத்தச் செல் உற்பத்தி சீர்குலைந்து, பிறகே முழு நோயாகிறது. எட்டோபோசைட் வகை மருந்துகளை வாரந்தோறும் கொடுத்த சிகிச்சைத் திட்டங்களில் ஆபத்து கூடியதை 1990களின் தொடக்கத்தில் கண்டறிந்தார்கள். மொத்த அளவு மட்டுமன்று, கொடுக்கும் இடைவெளியும் முக்கியம் என்பது அப்போது தெளிவானது.

ஒப்புதல் படிவத்தின் கடைசி வரிகளுக்குள் இந்த ஆபத்து ஒளிந்துகொள்வது எனக்கு உடன்பாடில்லை. சொன்னால் பயந்து சிகிச்சையையே கைவிடுவார்கள் என்று வாதிடும் மூத்த மருத்துவர்கள் உண்டு. அந்த அச்சம் பொய்யன்று. ஆனால் முன்பே கேட்டறிந்த தாய்தான் அடிபடாமலே தோலில் கன்றிய நீலத் தடத்தைக் கண்டதும் அடுத்த தேதிவரை காத்திராமல் வருகிறாள். மேலும், "நாங்கள்தானே கையெழுத்துப் போட்டோம்" என்று தந்தை உடைந்துபோகும்போது, அம்மருந்து இல்லாமல் குழந்தை இவ்வளவு காலம் வாழ்ந்திருக்காது என்ற பதில், முன்பே உண்மை பேசியவரின் வாயிலிருந்து வந்தால்தான் எடுபடுகிறது.

இரண்டாவது நோய்க்குப் பெரும்பாலும் கொடையாளரிடமிருந்து ஸ்டெம் செல்களை (இரத்தச் செல்களை உருவாக்கும் மூலச் செல்களை) பெற்று ஏற்றுவதே குணமாகும் வழி. அதற்குமுன் நோயை அடக்க மீண்டும் கீமோதெரபி வேண்டும். இதயத்தைப் பாதிக்கக்கூடிய டாக்சோரூபிசின் என்ற மருந்து முன்பே பெருமளவில் ஏறியிருந்தால், இதயத்தைக் கருதி அதே குடும்ப மருந்துகளை மேலும் தர இயலாமல் போகலாம். ஆகவே, சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போதே, கொடுத்த ஒவ்வொரு மருந்தின் பெயரையும் மொத்த அளவையும் ஒரே தாளில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுத்துவிடுகிறேன். வேறு ஊரில் வேறொரு மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.