எங்கூட்லயும் அப்படித்தானுங்க

அவள் கையிலிருந்து அந்தத் திருப்புளியை நான் பிடுங்கவில்லை. “குடு கண்ணு” என்று கேட்டுத்தான் வாங்கினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஒன்றரை வருடத்தில் எனக்கு நானே அதிகம் சொல்லிக்கொண்டது இதைத்தான். கேட்டேன், கொடுத்தாள். நான் கேட்டால் அவளால் கொடுக்காமல் இருக்க முடியுமா என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

ஆறு சனிக்கிழமைப் பட்டறையின் கடைசி நாள். கோவைப் பக்கம் அன்னூருக்கும் அவிநாசிக்கும் நடுவில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் 22 பேர், நான்கு குழு, குழுவுக்கு ஒரு சிங்கிள் பேஸ் மோட்டார் பம்ப். வானவில் மன்றம் என்ற அரசுத் திட்டம் 2022 நவம்பரில் தொடங்கிய பிறகு அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளுக்குச் செய்து பார்க்கிற அறிவியல் கொஞ்சம் பழக்கமாகியிருக்கிறது. நாங்கள் அதற்கு மேல் வகுப்பில் பெண் பிள்ளைகளை மட்டும் வைத்து நடத்துகிறோம். ராக்கெட், ரோபோ எல்லாம் வேண்டாம், மோட்டார்தான் என்று பிடிவாதமாக நின்றது நான். பைக்காரா மின்சாரம் 1930களில் நீலகிரி மலையிலிருந்து இறங்கி வந்ததும், 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இங்கேயே மோட்டார் செய்து காட்டியதும் எங்கள் ஊர்க் கதை. தோட்டத்துக்குத் தோட்டம் மோட்டார் ரூம் இருக்கிறது. அந்த ரூமுக்குள் பெண் பிள்ளைகள் போவது பெரும்பாலும் துணி காயப்போடக் கயிறு எடுக்கத்தான்.

எங்கள் பட்டறையில் ‘மூணு ஒயர் கணக்கு’ என்று ஒன்று உண்டு. மோட்டாருக்குள் ரன்னிங் காயில், ஸ்டார்ட்டிங் காயில் என்று இரண்டு கம்பிச் சுருள். வெளியே மூன்று ஒயர் வரும். இரண்டு காயிலும் சேருகிற முனை காமன். எந்த ஒயர் எது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். மல்டிமீட்டரை இரண்டிரண்டு ஒயராக வைத்து மூன்று முறை ஓம், அதாவது மின்தடை, பார்க்க வேண்டும். ரன்னிங் தடித்த கம்பி, ஓம் குறைவு. ஸ்டார்ட்டிங் மெல்லிசு, ஓம் கூடுதல். ஒரு ஜோடியில் மட்டும் இரண்டின் கூட்டுத்தொகை வரும். அந்த ஜோடியில் சேராத ஒயர்தான் காமன். அது தெரிந்துவிட்டால் கண்டன்சரை எங்கே கொடுப்பது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். கண்டன்சர் இல்லாமல் கரண்டு கொடுத்தால் மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும், சுற்றாது. ஸ்டார்ட்டிங் காயிலில் ஓடும் கரண்டைக் கண்டன்சர் கொஞ்சம் முந்த வைப்பதால்தான் உள்ளே காந்தப்புலம் சுழல ஆரம்பிக்கிறது. அந்த உறுமலைக் காதால் கேட்டுவிட்டு, அடுத்த நிமிடம் அதே மோட்டார் தண்ணீரை வாரி இறைப்பதைப் பார்க்கிற பிள்ளைக்கு அது மறக்காது. இதற்காகத்தான் 12 வருடம் பார்த்த பம்ப் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தேன்.

அந்தப் பிள்ளை முதல் வாரமே என் கண்ணில் பட்டாள். நான் மேசையில் வைத்திருந்த கம்பித் துண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டிப் பார்த்துவிட்டு, “இது மெல்லிசுங்க மிஸ், ஸ்டார்ட்டிங்குக்குப் போடறது” என்றாள். கம்பியின் தடிமனைச் சொல்லும் கேஜ் எண் எதுவும் அவளுக்குத் தெரியாது. அவளுடைய அம்மா வீட்டிலேயே காயில் சுற்றிக் கொடுப்பவர், பீஸ் ரேட். “சுத்தறது அம்மாங்க, கரண்டு குடுத்துப் பாக்கறது அப்பாங்க” என்றும் சொன்னாள். நான் வேலை பார்த்த இடத்திலும் காயில் மேசை முழுக்கப் பெண்கள், டெஸ்டிங் பெஞ்சில் என்னைத் தவிர எல்லாரும் ஆண்கள். அவள் சொன்னதை அப்படியே டைரியில் எழுதி வைத்தேன். அறிக்கையில் போட நல்ல வரி என்று நினைத்தேன்.

கடைசி நாள், பண உதவி செய்தவர்கள் பதினொன்றரைக்கு வந்தார்கள், 12 மணிக்குக் கிளம்ப வேண்டும். மூன்று குழுவின் பம்பும் டிரம்மில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தன. அவளுடைய குழுவில் மட்டும் இன்னும் ஓடவில்லை. மூன்று ஒயரையும் கனெக்டரில் முடுக்கியாகிவிட்டது. ஆனால் அவள் ஒரு ஸ்குருவைத் தளர்த்தி ஒரு ஒயரை மறுபடி வெளியே எடுத்து, நுனியை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். மீட்டர் இடது ஓரத்தில் ஒற்றை 1 காட்டிக்கொண்டு நின்றது. முனை சரியாகத் தொடவில்லை என்று அர்த்தம். “கூட்டுனா வந்துரும்டி, போட்டுடு” என்று பக்கத்துப் பிள்ளை சொன்னது எனக்கும் கேட்டது. அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு எரிச்சல் வந்தது. தைரியம் இல்லாமல் இழுக்கிறாள் என்று நினைத்தேன். குடு கண்ணு என்றேன். ஒயரை உள்ளே தள்ளி, ஸ்குருவை முடுக்கி, பிளக்கைச் சொருகினேன். பத்து வினாடி. தண்ணீர் பொங்கி வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள்.

அப்புறம் சான்றிதழ் கொடுத்தோம். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வாசகம்: ‘தன் கையால் மின்மோட்டாரை இணைத்து இயக்கியமைக்காக.’ கீழே என் கையெழுத்து.

மற்ற பிள்ளைகள் தங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். அவள் முழுதும் படித்தாள். அதற்குக் காரணமும் நான்தான். வகுப்புச் சுவரில் நாங்கள் இரண்டு படம் ஒட்டியிருந்தோம். ஒருவர் ஜானகி அம்மாள். 1934 முதல் 1939 வரை கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் இருந்து கரும்பை மற்றப் புல்லினங்களோடு கலப்பினம் செய்து பார்த்தவர். இன்னொருவர் அ. லலிதா. 18 வயதில், கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர், கிண்டி பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் படித்து 1943இல் முடித்தார். அவருடைய சான்றிதழில் ‘அவன்’ என்று அர்த்தம் வரும் ஆங்கிலச் சொல்தான் அச்சாகியிருந்தது, அதை அடித்துவிட்டு ‘அவள்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். இந்தக் கதையை நான் ஒவ்வொரு பள்ளியிலும் சொல்வேன். சான்றிதழில் என்ன போட்டிருக்கிறது என்று படிக்க வேண்டும், பிள்ளைகளா, என்றும் சொல்வேன்.

படித்துவிட்டு என்னிடம் வந்தாள். “மிஸ், நான் கனெக்சன் குடுக்கலீங்களே.”

“உங்க குழு செஞ்சதுதானே கண்ணு” என்றேன்.

அவள் முகத்தில் கோபமோ வருத்தமோ எதுவும் இல்லை. எனக்குச் சமாதானம் சொல்கிற மாதிரி இருந்தது அவள் குரல். “பரவால்லீங்க மிஸ். எங்கூட்லயும் அப்படித்தானுங்க.”

அவள் வீட்டிலும் அப்படித்தானாம். எப்படி என்று நான் கேட்கவில்லை. வண்டி நின்றுகொண்டிருந்தது, பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். உண்மையில் கேட்கப் பயந்தேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

அந்த ‘அப்படி’ என்ன? கையில் இருப்பதை வாங்கிக்கொள்வதா? அப்பாதான் கரண்டு கொடுத்துப் பார்ப்பார் என்று முதல் வாரம் சொன்னாளே, அதுவா? இல்லை, ஒருவர் செய்த வேலைக்கு இன்னொருவர் பெயர் போடுவதா? அவள் வீட்டில் அம்மா செய்வது அப்பா கணக்கில் போகிறதோ என்னவோ, எனக்குத் தெரியாது. என் சான்றிதழில் நடந்தது அதற்கு நேர் எதிர், நான் செய்ததற்கு அவள் பெயர். ஆனாலும் அவளுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்திருக்கலாம். இன்னொன்றும் யோசித்திருக்கிறேன். அவள் சும்மா மரியாதைக்குச் சொன்ன வார்த்தையாக இருக்கும், எங்கள் ஊரில் ‘பரவால்லீங்க’ என்பது மூச்சு விடுவது மாதிரி, நான்தான் பெரிதாக்குகிறேன் என்று. இந்தச் சமாதானம் பகலில் நிற்கிறது, இரவில் நிற்பதில்லை.

பாதுகாப்புக்காகத்தான் வாங்கினேன் என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதில் பொய் இல்லாத பகுதி ஒன்று இருக்கிறது. 230 வோல்ட், பக்கத்தில் ஈரத் தரை, கண்டன்சர். பையனுக்கு ஷாக் அடித்தால் அது வீட்டில் நாலு நாள் பேச்சு. பெண் பிள்ளைக்கு அடித்தால் “பொட்டப்புள்ளைக்கு எதுக்குங்க இதெல்லாம்” என்று ஒரு கேள்வி வரும், அதோடு அந்த வட்டாரத்தில் எந்தப் பள்ளியும் எங்களை உள்ளே விடாது. அந்த 22 பேருக்கும், அடுத்து வரப்போகிறவர்களுக்கும் சேர்த்து நான் பயப்பட வேண்டியிருக்கிறது. இது உண்மையான பயம்.

ஆனால் பிளக் என் இடது கையில் இருந்தது. இணைப்பு முடியும் வரை பிளக் பயிற்சியாளர் கையில்தான் இருக்க வேண்டும் என்று விதி எழுதியதே நான். கண்டன்சரில் தேங்கியிருந்த கரண்டைக் காலையிலேயே பல்பு வழியாக இறக்கியிருந்தேன், அதற்குப் பிறகு கண்டன்சர் கரண்டைப் பார்க்கவே இல்லை. அந்த ஒயரில் ஒரு பொட்டு மின்சாரம் கிடையாது. அவளுக்கு ஆபத்து இல்லை என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த அறையில் யாரும் இல்லை.

சின்ன வயதில் என் கையிலிருந்து இப்படி யாரும் வாங்கியிருந்தால், அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது என்றாவது சொல்லலாம். அதற்கும் வழியில்லை. சூலூர் பக்கம் எங்கள் அப்புச்சி, அம்மாவின் அப்பா, தோட்டத்தில் ஃபியூஸ் போனால் என்னைத்தான் கூப்பிடுவார். “மெயின அமத்தியாச்சு கண்ணு, வா.” அவருக்குப் பார்வை மங்கல். பீங்கான் ஃபியூஸ் கட்டையை என் கையில் கொடுத்துவிட்டு மோட்டார் ரூம் வாசலில் நின்றுகொள்வார். கம்பி இழையைச் சுற்றி முடுக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது, இழை அறுந்துவிடும், மறுபடி சுற்றுவேன். மும்முனை மின்சாரம் சில மணி நேரம்தான் வரும், பாத்தியில் பாதி மஞ்சள் காய்ந்து கிடக்கும். என்னுடைய 12 மணியைவிட அவருடைய அவசரம் பெரியது. ஒருநாளும் உள்ளே வந்து கையை நீட்டியதில்லை. அவருக்குப் பார்வை நன்றாக இருந்திருந்தால் நீட்டியிருப்பாரோ என்று இப்போது சந்தேகம் வருகிறது. அந்தச் சந்தேகமே எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்த பட்டறைகளில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒரு பள்ளியில் ஒரு குழுவின் பம்ப் கடைசி வரை ஓடவில்லை. நான் தொடவில்லை. அந்தப் பிள்ளைகள் ஐந்து பேரும் அழுதுகொண்டே பஸ் ஏறினார்கள். “கொஞ்சம் கை குடுத்திருக்கலாமேங்க” என்று டீச்சர் வருத்தப்பட்டார். அவர் சொன்னது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்காக அந்தப் பிள்ளைகளை அழ வைத்தேனோ என்றும் தோன்றியது. சான்றிதழ் வாசகத்தை மட்டும் மாற்றிவிட்டேன், ‘பங்கேற்றமைக்காக’ என்று. அதுவும் அவர்களுக்குக் குறைத்துக் கொடுத்த மாதிரிதான் இருக்கிறது.

போன மாதம் பழைய கோப்புகளைப் பிரித்தபோது அந்தக் குழுவின் தாள் கிடைத்தது. அவளுடைய குண்டு எழுத்து. மூன்று கட்டம். முதல் கட்டத்தில் 3.9. இரண்டாவதில் 9.8. மூன்றாவது காலி. அங்கே 13.7 வர வேண்டும், அது அவளுக்கும் தெரியும், பக்கத்துப் பிள்ளை சொன்ன மாதிரி கூட்டிப் போட்டிருந்தால் ஒரு வினாடி வேலை. மூன்றாவது கட்டத்துக்காகத்தான் அவள் ஒயரை வெளியே எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள் என்பது தாளைப் பார்த்தபோதுதான் புரிந்தது. இரண்டாவது சனிக்கிழமை நான்தான் பலகையில் கட்டம் போட்டுவிட்டுச் சொன்னேன்: “கூட்டி எழுதக் கூடாது. வெச்சுப் பாத்துத்தான் எழுதணும்.”