சரோனிக் வளைகுடா: இருவர் ஓட்டும் படகுக்கு ஏற்ற கிரீஸ்

கணவன் மனைவி இருவர் மட்டும் பாய்மரப் படகு ஓட்டிக்கொண்டு கிரீஸ் பார்க்கக் கிளம்புகிறீர்களா? சாந்தோரினித் தீவை விட்டுவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் அந்தப் பக்கத்துத் தீவுகளுக்கு இடையே ‘மெல்தெமி’ என்ற வாடைக்காற்று நாள்கணக்கில் ஓயாமல் அடிக்கும். ஆள் குறைந்த படகு துறைமுகத்திலேயே முடங்கும், வாடகை மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். ஏதென்ஸை ஒட்டிய சரோனிக் வளைகுடாவில் அதே காற்று பெரும்பாலும் தணிந்தே வருகிறது. ஒரு துறையிலிருந்து அடுத்ததற்குப் பெரும்பாலும் சுமார் 12 முதல் 16 கடல் மைல்தான். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாடு கரையில்.

படகை வாடகைக்கு எடுக்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள். ஒருவரிடம் ஸ்கிப்பர் (படகுத் தலைவர்) உரிமம் இருந்தால் போதாது. மற்றவருக்கும் படகு ஓட்டத் தெரியும் என்பதற்கு உரிமமோ கையெழுத்திட்ட உறுதிமொழியோ கேட்பார்கள்.

இந்தக் கடலில் கஷ்டம் அலையில் இல்லை, கரையில் இருக்கிறது. கிரேக்கத் துறைகளில் பெரும்பாலும் படகைப் பக்கவாட்டில் கட்ட இடம் தரமாட்டார்கள். முன்னால் நங்கூரம், பின்பக்கம் கரைச்சுவரைப் பார்த்து, இரண்டு கயிறு. இருவராகச் செய்ய முறை இதுதான்: துறைக்கு வெளியிலேயே ஃபெண்டர்களை, அதாவது படகு உரசாமல் காக்கும் காற்றுப் பைகளை, தொங்கவிட்டு, பின்கயிறுகள் இரண்டையும் சுருள் பிரித்துத் தயாராக வையுங்கள். சுவரிலிருந்து 40, 50 மீட்டர் தள்ளி நங்கூரத்தைப் போட்டு, நேராகப் பின்னோக்கி வாருங்கள். தூரத்திலிருந்தே ரிவர்ஸ் எடுத்தால்தான் சுக்கான் பிடிக்கும். சங்கிலியைப் படகின் வேகத்துக்குச் சமமாக விட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் படகு நின்றுவிடும், பக்கக்காற்று முன்முனையைத் தள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்துப் படகில் சாத்தும். காற்று வரும் பக்கத்துக் கயிறுதான் முதலில் கரைக்குப் போக வேண்டும். பிறகு சங்கிலியை இழுத்து இறுக்குங்கள். சுவரடியில் நீருக்குள் கற்கள் நீட்டிக்கொண்டிருக்கும், சுக்கான் அதில்தான் அடிபடும். ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டு, பலகை போட்டு இறங்குங்கள்.

நங்கூர மோட்டார் நடுவில் நின்றுபோனால் பதறாதீர்கள். பெரும்பாலும் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் விழுந்திருக்கும். அது எங்கே இருக்கிறது என்று படகை வாடகைக்கு எடுக்கும் நாளிலேயே கேட்டுவையுங்கள். மோட்டார் ஓடும்போது எஞ்சினும் ஓட வேண்டும், இல்லையென்றால் பேட்டரி இறங்கிவிடும்.

ஏஜினா தீவில் சாப்பாடு! துறைமுகத் தெருவுக்குப் பின்னால் மீன் சந்தைச் சந்தில் கரியடுப்பில் வாட்டிய ஆக்டோபஸ், எலுமிச்சை பிழிந்து, பக்கத்தில் ஒரு சின்ன கிளாஸ் ஊசோ என்ற சோம்பு மணக்கும் மது. இதற்காகவே இன்னொரு இரவு தங்கலாம். பொரித்த நெத்திலியை ‘கவ்ரோஸ்’ என்று கேளுங்கள், மலிவு, மொறுமொறு. பெரிய மீன் மட்டும் கிலோ விலையில் வரும். மெனுவில் இருக்கும் எண் ஒரு தட்டின் விலை என்று நினைத்தால் பில் பர்ஸைக் காலி செய்யும். சமைக்கும் முன் எடைபோட்டுக் காட்டச் சொல்லுங்கள், அதில் கூச்சமே வேண்டாம். கேட்காமலே மேசைக்கு வரும் ரொட்டிக்கும் தனிக் காசு. தீவின் பிஸ்தாவைத் துறையோரக் கடைகளில் வாங்கலாம். அயா மரீனா ஊருக்குப் போகும் பஸ்ஸே பழைய அஃபேயா தேவி கோவிலருகில் நிற்கும், டாக்சி தேவையில்லை. கி.மு. 500ஐ ஒட்டிக் கட்டியது, தூண்கள் பல இன்னும் நிற்கின்றன. அதன் முகப்புச் சிற்பங்கள் மட்டும் ஜெர்மனியின் மியூனிக்கில் இருக்கின்றன. அந்த இடத்தில் நின்று பார்த்தால் அது வயிற்றெரிச்சல்தான்.

அடுத்த தீவு போரோஸ் அழகு, சுலபம், ஒரு இரவு போதும்.

ஹைட்ரா தீவில் கார் கிடையாது, சுமையெல்லாம் கோவேறு கழுதை முதுகில். ஊர் அற்புதம், துறைமுகமோ தலைவலி. கோடையில் மூன்று வரிசையாகப் படகுக்கு முன் படகு கட்டுகிறார்கள், காலையில் சங்கிலிகள் பின்னிக்கொள்ளும். உங்கள் நங்கூரத்தில் அடுத்தவர் சங்கிலி மாட்டினால், அதைக் கயிற்றால் வளைத்துப் படகில் கட்டுங்கள். உங்கள் நங்கூரத்தைக் கொஞ்சம் இறக்கி விடுவித்துக்கொண்டு, கயிற்றின் ஒரு முனையை அவிழ்த்தால் அது தானாக விழும். இரண்டு பேருக்கு இந்தப் பாடு எதற்கு? எதிர்க்கரையில் எர்மியோனியில் படகைக் கட்டிவிட்டு ஃபெர்ரியில் ஹைட்ரா போய் வாருங்கள்.

கடைசியில் எபிடாரஸ், இந்தப் பயணத்தின் உச்சம். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் கல் அரங்கம், கீழே 34 வரிசை, மேலே 21. நடுவட்டத்தில் ஒருவர் குரலை உயர்த்திப் பேசினால் உச்சி வரிசைக்கும் கேட்கிறது. பலேயா எபிடாவ்ரோஸ் துறையில் கட்டிவிட்டுப் போகலாம். அங்கே நடந்துபோகும் தூரத்தில் ஒரு சிறிய பழைய அரங்கமும் உண்டு. அதைப் பார்த்துவிட்டு ‘இவ்வளவுதானா’ என்று திரும்பிவிடாதீர்கள். பெரியது மலைப்பக்கம், டாக்சியில்தான். டிரைவர் சொல்லும் தொகை போகமட்டுமா, காத்திருந்து திரும்புவதற்கும் சேர்த்தா என்று ஏறும் முன்பே கேளுங்கள். இறங்கியபின் இரட்டைத் தொகை கேட்பது அங்கே நடக்கிறது. டூர் பஸ்கள் வரும்முன் காலையிலேயே போங்கள். ஜூலை, ஆகஸ்ட் வெள்ளி, சனி இரவுகளில் பெரும்பாலும் பழைய நாடகங்கள் நடக்கும். அதற்குப் போனால் உட்காரச் சின்ன மெத்தை ஒன்று கொண்டுபோங்கள், கல் இருக்கை இடுப்பை ஒடிக்கும். திரும்பும் வண்டியையும் முன்பே பேசிவையுங்கள், நள்ளிரவில் அங்கே எதுவும் கிடைக்காது.