சுண்ணாம்புக் கணக்கு: மில் கூலிங் டவர் நாட்குறிப்பு

மார்ச் 6
குளிரூட்டும் எந்திரமான சில்லரில், டவர் தண்ணீர் ஓடி வெப்பத்தை வாங்கும் கண்டென்சரின் மூடியைக் கழற்றியாச்சு. டியூபுக்குள் விரல் விட்டால் சொரசொரப்பு. சுரண்டினால் வெள்ளைச் செதில். ஃபிட்டர் அண்ணன் அதன்மேல் எலுமிச்சை பிழிந்தார், நுரைத்துப் பொங்கியது. கால்சியம் கார்பனேட்டேதான். தண்ணீர் சூடேற ஏறக் கரையாமல் பிரிகிற உப்பு இது, அதனால் இருப்பதிலேயே சூடான டியூப் சுவரில் போய் ஒட்டுகிறது. வெப்பத்தைக் கடத்துவதில் செம்பின் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது.

தண்ணீர் ஆவியாக ஆவியாக டவரில் உப்பு செறியும்; அதனால் கொஞ்சம் வடித்துவிடுவோம், அது தென்னைக்குப் போகிறது. படிவைத் தடுக்க மருந்து கலக்க எனக்கு மனசில்லை.

மார்ச் 11
சுண்ணாம்பு படியாமல் தடுக்கும் என்று, குழாயில் மாட்டும் காந்தம் விற்க ஒருவர் வந்தார். 1945இல் பெல்ஜியத்தில் வெர்மெய்ரன் காப்புரிமை வாங்கிய காலத்திலிருந்து இருக்கிற சமாச்சாரம்; ஆய்வு முடிவுகள் இன்றும் ஒத்துப்போகவில்லை. "கால்சியம் கணக்கு இருக்குதுங்களா தம்பி?" என்று கேட்டேன். ஃபோட்டோக்கள்தான் இருந்தன. வாங்கவில்லை.

மார்ச் 14
நம் கணக்கை நாமே போட்டோம். போர் தண்ணீரில் குளோரைடு 200 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), கால்சியம் ஹார்ட்னஸ் (சுண்ணாம்பாகக் கணக்கிட்ட கால்சியம்) 220. டவர் தண்ணீரில் குளோரைடு 800, கால்சியம் 660.

குளோரைடு எங்கும் படியாது, ஆவியோடும் போகாது. ஆக, தண்ணீர் 4 மடங்கு செறிந்திருக்கிறது. கால்சியமும் 880 இருக்க வேண்டும்; 220 காணோம். தினமும் 5,000 லிட்டர் வடிக்கிறோம். அப்படியென்றால் ஒவ்வொரு நாளும் 1.1 கிலோ சுண்ணாம்பு உள்ளேயே தங்குகிறது! இந்த ஒரு கழித்தலைப் போடாமல் எந்தக் கருவியையும் வாங்கக் கூடாது என்பேன்.

ஏப்ரல் 2
செறிவை 2.5 மடங்குக்கு இறக்கினால் படிவு குறையும். ஆனால் தினமும் 10,000 லிட்டர் வடிக்க வேண்டும். கோடையில் போர் தாங்காது.

ஏப்ரல் 19
எலக்ட்ரோலிசிஸ் தொட்டி ஓடுகிறது. மின்சாரம் பாயும்போது கேத்தோடு (எதிர்மின் தகடு) ஓரத்தில் தண்ணீர் காரமாகும். சுண்ணாம்பு டியூபுக்குப் போகாமல் அங்கேயே படியும். தகட்டில் விரல்கனத்துக்கு ஏறியதை அண்ணன் சுத்தியலால் தட்டி உதிர்த்தார். காயவைத்து எடை போடுகிறோம். காணாமல் போகும் கால்சியமும் தராசில் நிற்கும் சுண்ணாம்பும் ஒத்துப்போனால் டியூபில் படியவில்லை என்று அர்த்தம். ஹைட்ரஜன் வெளியேறும், மூடி திறந்தே இருக்கட்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஜூன் 21
தென்மேற்குப் பருவமழை. கூரைத் தண்ணீரை, டவரில் குறைவதை ஈடுகட்டும் மேக்கப் தொட்டிக்குத் திருப்பிவிட்டோம். மழைநீரில் கால்சியம் இல்லை என்றே சொல்லலாம். ஏசி யூனிட்டில் வடியும் தண்ணீரும் அப்படித்தான், அதற்கும் பைப் இழுத்தாச்சு. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பிடித்த வழி.

ஜூலை 3
கண்டென்சர் அப்ரோச் (உள்ளே வாயு குளிரும் வெப்பநிலைக்கும் வெளியேறும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம்; படிவு ஏறினால் இதுவும் ஏறும்) ஏறவில்லை. இப்போது கவலை கிருமி. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆஷ்ரே என்ற ஏசி பொறியாளர் சங்கத்துக்காக நடந்த சோதனை 2010இல் வெளியானது. மருந்தில்லாக் கருவிகள் பாக்டீரியாவைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை. நம் ஆனோடில் (நேர்மின் தகட்டில்) கொஞ்சம் குளோரின் பிறக்கும், ஆனால் அதை மட்டும் நம்பி நிமோனியா தரும் லீஜியோனெல்லா கிருமியோடு விளையாட முடியாது. சாம்பிள் லேபுக்குப் போயிருக்கிறது. எண்ணிக்கை கூடுதலாக வந்தால் குளோரின் போடுவோம். அந்தத் தண்ணீர் மட்டும் தோப்புக்குப் போகாது, வால்வை இன்றே பிரித்து வைத்தாச்சு.