ஹாரன் கம்மலா இருக்குன்னு சார் சொன்னாரு

ஓடிட்டு இருந்த வண்டி திடீர்னு நின்னுச்சுன்னா ஏதோ ஒண்ணு தான் கெட்டிருக்கும், தேடிப் பிடிச்சிடலாம். ஆனா நட்டு போல்ட்டு வரைக்கும் பிரிச்சு, பெயின்ட் அடிச்சு, திரும்பக் கோத்த வண்டி ஸ்டார்ட் ஆகலேன்னா அது வேற மாதிரி பயம், ஏன்னா அதுல நம்ம கை படாத இடமே கிடையாது, எல்லாத்தையும் சந்தேகப்படணும், ஆனா நாமளே பாத்து பாத்து செஞ்ச வேலையைச் சந்தேகப்பட மனசு வராது.

எனக்கு அப்படி மூணு நாள் போச்சு. 1974 மாடல் காஸ்ட் அயர்ன் புல்லட் 350, பாயின்ட் செட் வண்டி (பொறிக்கான கரண்ட்டைத் திறந்து மூடுற சின்ன சுவிட்ச் தான் பாயின்ட்), பேட்டரி ஆறு வோல்ட்டு. ரிட்டயர் ஆன ஒரு வாத்தியார் சார் கொண்டு வந்தாரு, அவங்க அப்பா வாங்கின வண்டியாம், பதினோரு வருஷமா மாட்டுக் கொட்டகையில நின்னுது. 1955ல திருவொற்றியூர்ல புல்லட் போட ஆரம்பிச்சதுல இருந்து எஞ்சின் அடிப்படை ரொம்ப காலத்துக்கு மாறவே இல்ல, அதே 70 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் அகலம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடுற தூரம்), அதனால ஒண்ணைப் பிரிச்சுப் பழகினவனுக்கு மத்ததுல கை தானா போகும். லேத்துல போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டேன், வால்வு சீட் அரைச்சேன், பாயின்ட், கண்டென்சர் எல்லாம் புதுசு. சேஸ் (வண்டியோட சட்டம்), எஞ்சினை அதோட சேத்துப் பிடிக்கிற எஞ்சின் பிளேட்டு எல்லாம் பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவி சூட்டுல உருக்கி ஒட்டுற பெயின்ட்). கோட்டிங் முடிஞ்சு வந்தப்போ கண்ணாடி மாதிரி மின்னுச்சு, சார் விரலால தடவிப் பாத்துட்டு ஒண்ணும் பேசல.

கோத்து முடிச்சு கிக்கர் அடிச்சேன். சத்தமே இல்ல. இருபது கிக்குக்கு ஒரு தரம் சைலன்சர்ல 'பட்'டுனு ஒரு வெடி, அவ்ளோதான். பிளக்கைக் கழட்டினா நனைஞ்சிருந்துச்சு, அப்போ பெட்ரோல் வருது. பிளக்கை ஹெட் மேல வச்சு கிக் பண்ணினா கரண்ட்டும் வருது, ஆனா நீலமா 'டிக்'குனு வராம மஞ்சளா சோம்பலா வந்துச்சு. அங்கதான் நான் தப்பு பண்ணினேன். கரண்ட் வருது இல்ல, அது போதும்னு விட்டுட்டேன். வெளில காத்துல தாண்டுற பொறி, உள்ள பிஸ்டன் அழுத்தி வச்சிருக்குற கேஸ்ல தாண்டணும்னா அதை விட ரொம்ப பலம் வேணும், இது எனக்குத் தெரியாத விஷயமே இல்ல.

அடுத்த நாள் டைமிங், அதாவது பொறி சரியான நேரத்துல விழுதான்னு பாத்தேன். புல்லட்டுல பாயின்ட்டைத் திறக்குற கேம், பிஸ்டனை ஏத்தி இறக்குற கிராங்க்ல பாதி வேகத்துல தான் சுத்தும், அதனால பிஸ்டன் மேல வந்துடுச்சுன்னு பாத்து டைமிங் வச்சா பத்தாது, அது கேஸை அழுத்துற கம்ப்ரஷன்ல மேல வந்துதா, புகையை வெளியே தள்ளுற எக்ஸாஸ்ட்ல மேல வந்துதான்னு பாக்கணும், மாறிப் போச்சுன்னா ஒரு சுத்து தள்ளி அடிக்கும். புஷ்ராட் கவரைத் திறந்தேன், வால்வைத் திறக்குற ரெண்டு ராடும் விரலால சுத்துது, மேல கீழ ஆட்டம் இல்ல. அப்போ ரெண்டு வால்வும் மூடியிருக்கு, சரியா கம்ப்ரஷன் தான். பாயின்ட் கேப் அளந்தேன், சரி. கண்டென்சர் மாத்தினேன், பொறிக்கு கரண்ட்டை பலமாக்குற காயிலை மாத்தினேன், கார்புரேட்டரை ரெண்டு தரம் பிரிச்சுக் கழுவினேன். கடைப் பையனும் நானும் மாத்தி மாத்தி உதைச்சு ராத்திரி கெண்டைக்கால் வீங்கிப் போச்சு.

சாயங்காலம் சார் வந்தாரு. வேலை எங்க நிக்குதுன்னு கேக்கல, வண்டி பக்கத்துல நின்னு சும்மா ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கினாரு. "தம்பி, ஹாரன் கம்மலா இருக்கே, அப்பா ஓட்டுறப்போ தெருமுனைல கேக்கும்"னாரு. நான் பேட்டரி சார்ஜ் பத்தல சார்னு சொல்லிட்டேன். பேட்டரி அன்னைக்குக் காலைல தான் ஃபுல் சார்ஜ் போட்டது, அது என் வாய்ல இருந்து எப்படி வந்துச்சுன்னே தெரியல.

படுத்தா தூக்கம் வரல, அந்த ஹாரன் தான் காதுல இருந்துச்சு. மூணாவது நாள் கடையைத் திறந்ததும் சாவியைப் போட்டு, பிளக்கைக் கழட்டி வச்சுட்டு கிக்கரைக் கையால மெதுவா அமுக்கினேன், கண்ணு ஹெட்லைட்டு மேல இருக்குற கரண்ட் அளவு காட்டுற ஆம்ப் மீட்டர்ல. பாயின்ட் மூடுறப்போ முள்ளு மைனஸ் பக்கம் நல்லா சாயணும், திறந்தா நடுவுக்கு வரணும். புல்லட் ஓட்டுற ஆளுங்க அந்த முள்ளைப் பாத்துதான் சிலிண்டர் அழுத்தத்தை வெளிய விடுற டீகம்ப்ரஷன் லிவரைப் பிடிச்சு கிக்கருக்கு எடம் பிடிப்பாங்க. இங்க முள்ளு ஒரு நூல் அளவு அசைஞ்சு நின்னுடுச்சு. காயிலுக்குப் போக வேண்டிய கரண்ட்டே போகல. மூணு நாளா என் கண்ணு முன்னாடி தான் அந்த மீட்டர் இருந்துச்சு.

ஒரு ஒயரை எடுத்து ஒரு முனையை பேட்டரி எர்த்துலயும் மறு முனையை எஞ்சின் மேலயும் வச்சேன். முள்ளு சட்டுனு சாஞ்சுச்சு.

பாயின்ட் வழியா எஞ்சினுக்கு வர்ற கரண்ட் எஞ்சின் பிளேட்டு வழியா சேஸுக்குப் போய், சேஸ்ல இருந்து பேட்டரிக்குத் திரும்பணும். பிளேட்டு, சேஸ்ல அது மாட்டுற லக்கு, எர்த் ஒயர் மாட்டுற இடம் எல்லாத்துலயும் தடிமனா கோட்டிங், அதுல கரண்ட் பாயாது. போல்ட்டு மரைல ஏதோ கொஞ்சம் இரும்பு இரும்பைத் தொட்டதால தான் அந்த மஞ்சப் பொறியாவது வந்துச்சு, ஹாரனும் அதனால தான் கம்முச்சு.

சாருக்கு போன் பண்ணி வரச் சொன்னேன், ஏன்னா அந்தப் புதுப் பெயின்ட்டைச் சுரண்டுறதை அவர்கிட்ட சொல்லாம செய்ய எனக்கு மனசு இல்ல. விஷயத்தைச் சொன்னேன், பேட்டரி மேல பழி போட்டதையும் சொன்னேன். "சுரண்டுப்பா, உள்ள இருக்குறது யாருக்குத் தெரியப் போவுது"ன்னாரு. எர்த் போல்ட்டைக் கழட்டி உப்புத்தாள் வச்சுத் தேச்சேன், கறுப்புத் தூளா உதிர்ந்து ஒரு ரூபா காசு அகலத்துக்கு வெள்ளை இரும்பு தெரிஞ்சுச்சு. எஞ்சின் பிளேட்டு போல்ட்டு உக்கார்ற இடத்துலயும் அதே மாதிரி, வாஷர் மறைக்குற அளவுக்கு மட்டும். துரு ஏறாம இருக்க கொஞ்சம் கிரீஸ். அதுக்கு மேல எஞ்சின்ல இருந்து நேரா பேட்டரிக்கு ஒரு தனி எர்த் ஒயரும் இழுத்துட்டேன். இப்பல்லாம் எந்த சேஸ் கோட்டிங்குக்குப் போனாலும் அந்த இடங்கள்ல முன்னாடியே டேப் ஒட்டித்தான் அனுப்புறேன்.

சார் தான் முதல்ல ஹாரனை அமுக்கினாரு. எதிர் டீக்கடைல இருந்தவங்க திரும்பிப் பாத்தாங்க. அப்புறம் கிக்கரை என்னை அடிக்க விடல, செருப்பைக் கழட்டிட்டு அவரே ஏறினாரு. முள்ளைப் பாத்து, லிவரைப் பிடிச்சு விட்டு, ரெண்டாவது கிக்குல எஞ்சின் பிடிச்சுக்கிச்சு.