தோற்றப்பாடு

பத்தாம் வகுப்பில் எங்களுக்குப் பௌதிகம் படிப்பித்த சேர் ஒருநாள் கரும்பலகையில் ‘தோற்றப்பாடு’ என்று பெரிதாக எழுதினார். மத்தியான வெயிலில் தார் றோட்டில் தண்ணீர் கிடப்பதுபோல் தெரியுமே, அதுதான் உதாரணம். “அப்ப அது பொய்தானே சேர்?” என்று கடைசி வாங்கில் இருந்து கேட்டேன். “தண்ணி பொய். கானல் பொய்யில்லை. படம் பிடிச்சாலும் விழும்” என்றார். கமெராவுக்கு நான் எங்கே போவது!

அந்தச் சொல் ஸ்ருட்காட்டில், ஜேர்மன் மொழி வகுப்பில், வேறு உடுப்போடு வந்து நின்றது: ‘எர்ஷைனுங்’. தோற்றம், தோற்றப்பாடு இரண்டும் அதற்குள் அடக்கம். அடிச்சொல் ‘ஷைனன்’. வெயில் எறிக்கிறது என்பதற்கும் அதே வினை, ‘அவருக்குச் சுகமில்லைப் போல’ என்பதில் வருகிற ‘போல’வுக்கும் அதே வினை. பேய் தெரிந்தாலும் எர்ஷைனுங், வாட்டசாட்டமான ஆளும் எர்ஷைனுங். புத்தகம் வெளிவந்த ஆண்டுக்கும் அந்தச் சொல்தான் முன்னால் நிற்கும். ஜனவரி 6, மூன்று அரசர் திருநாள், எங்கள் மாநில விடுமுறைச் சட்டத்தில் ‘எர்ஷைனுங்ஸ்ஃபெஸ்ற்’. நம் கத்தோலிக்கர் சொல்லும் திருக்காட்சி விழா. போன வருடம் முழங்கால் வலிக்குப் போனேன். வைத்தியர் அதையும் ‘ஆல்ற்றர்ஸ்எர்ஷைனுங்’ என்றார். வயதுக் கோளாறாம்.

சேரின் பதிலை நான் திரும்பச் சந்தித்தது ஜேர்மன் தத்துவஞானி கான்ற்றில். 1781இல் வெளிவந்த ‘தூய பகுத்தறிவின் விமர்சனம்’ முழுவதையும் வாசித்தேன் என்று புளுக மாட்டேன். வானவில் பற்றிய பக்கம் மட்டும் மனதில் ஒட்டியது. வெயிலோடு பெய்யும் மழையில் வானவில்லை வெறும் தோற்றம் என்கிறோம், மழையை உண்மைப் பொருள் என்கிறோம். ஆனால் அந்தத் துளிகளும் நமக்குத் தோற்றமே என்கிறார். அதற்காக எல்லாம் மாயை என்று எடுத்துவிடாதே என்று 1787இன் இரண்டாம் பதிப்பில் தனியாக எச்சரிக்கிறார். எர்ஷைனுங் வேறு, ஏமாற்றுகிற ‘ஷைன்’ வேறு. தண்ணி பொய், கானல் பொய்யில்லை. தன் ஊரான கொனிக்ஸ்பேர்க்கை விட்டு அதிக தூரம் போகாத மனிதருக்கு எங்கள் தார் றோட்டு எப்படித் தெரிந்ததோ!

சேரின் மரண அறிவித்தலைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த மகள் ‘தோற்றம்’ என்பதை எழுத்துக் கூட்டி வாசித்து, “அண்டைக்கு இவர் ஆருக்கப்பா தோன்றினவர்?” என்று கேட்டாள். பிறந்த நாளைத்தான் அப்படிப் போடுவோம் என்றேன். எர்ஷைனுங்கில் அந்தக் கருத்து இல்லை.